செங்கல் 16 மாடியோடு நின்றது ஏன்? சிகாகோவின் மொனாட்நாக் கட்டடம் பற்றி

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். சிகாகோ நகரத்தின் நடுவே மொனாட்நாக் என்ற பழைய அலுவலகக் கட்டடம் இருக்கிறது. 1891-இல் முடிந்த அதன் வடக்குப் பாதி செங்கல் சுவர்களின் மேல் நிற்கிறது; 1893-இல் முடிந்த தெற்குப் பாதி எஃகுச் சட்டகத்தின் மேல், அதாவது ஒன்றோடொன்று பிணைத்த எஃகுத் தூண்கள், உத்திரங்களின் மேல் நிற்கிறது. "16 மாடிக்கு மேல் செங்கல் தாங்காது என்பது வடக்குப் பாதியிலேயே தெரிந்துவிட்டது, அதனால்தான் எஃகுக்கு மாறினார்கள்" என்று வகுப்பில் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். அது சரிதானா என்பது உங்கள் ஐயம். வேலை நிமித்தமாக அங்கே போகப்போவதால், நேரில் எதைக் கவனிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. செங்கல்லின் வலு எந்த உயரத்தில் தீர்ந்துபோகிறது என்பது ஒன்று. அந்த மனையில், அந்த வருடங்களில், ஏன் செங்கல்லைக் கைவிட்டார்கள் என்பது மற்றொன்று. முதலாவது பொறியியல். இரண்டாவதில் பொறியியலைக் காட்டிலும் வாடகைக் கணக்குதான் அதிகம்.

நான் கட்டமைப்புப் பொறியாளன். இருபது வருடங்களுக்கு மேலாகப் பழைய சுமைதாங்கு சுவர்க் கட்டடங்களைப் பரிசோதிப்பதுதான் என் பிழைப்பு. விரிசல் ஏன் வந்தது, சுவர் இன்னும் எத்தனை காலம் நிற்கும், எந்தச் சுவரை இடிக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று சொல்ல வேண்டிய வேலை. வரலாறு நான் முறையாகப் படித்த துறை இல்லை. ஆகவே சுவரையும் மண்ணையும் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்கிறேன். யார் மனத்தில் என்ன இருந்தது என்பதைப் பற்றிச் சொல்லும் இடங்களில் கொஞ்சம் தள்ளி நின்றே பேசுவேன்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: இல்லை, செங்கல் அங்கே தோற்கவில்லை. கணக்கைப் பாருங்கள். செங்கல் சுவரின் எடை ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 1,900 கிலோ. 60 மீட்டர் உயரத்துக்கு ஒரே தடிமனில் சுவர் எழுப்பினால், அடியில் இருக்கும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் 11 கிலோவுக்குச் சற்று அதிகமான சுமை ஏறும். நன்றாகச் சுட்ட செங்கல் தனியாகச் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோவுக்கு மேலேயே தாங்கும். சாந்தோடு சேர்த்துச் சுவராகக் கட்டும்போது அந்த வலுவில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோதான் மிஞ்சும், ஏனென்றால் சுவரில் மெலிந்த கண்ணி சாந்துதான். அப்படிக் குறைத்துப் பார்த்தாலும், தன் எடையை மட்டும் சுமக்கும் செங்கல் சுவர் 16 மாடி உயரத்தில் நொறுங்கிவிடாது. தளங்களின் சுமையையும் பாதுகாப்புக்கான விளிம்பையும் சேர்த்தால் இடைவெளி குறையும். இருந்தாலும் சுவர் நிற்கும்.

காகிதக் கணக்கில் நம்பிக்கை வராதவர்களுக்கு நான் காட்டும் சாட்சி ஒன்று உண்டு. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் அனகொண்டா என்ற ஊரில் செம்பு உருக்காலைக்காக 1919-இல் செங்கல் புகைபோக்கி ஒன்றைக் கட்டினார்கள். உயரம் 585 அடி. உருக்காலை மூடப்பட்டு மற்றவையெல்லாம் இடிக்கப்பட்ட பிறகும் புகைபோக்கி இன்றும் நிற்கிறது. அதன் அடிச்சுவரின் தடிமன் 6 அடி. மொனாட்நாக்கின் வடக்குப் பாதியில் தரைத்தளச் சுவரின் தடிமனும் அதே 6 அடிதான். அதன் உயரமோ 215 அடி. ஒரே தடிமன், ஒன்று மற்றொன்றைப் போல இரண்டரை மடங்கு உயரத்துக்கும் மேலே போயிருக்கிறது. புகைபோக்கிக்கு சன்னல் வேண்டாம், வட்டமாக இருப்பதால் காற்றை எல்லாப் பக்கமும் ஒரேபோல் எதிர்கொள்ளும், தளச்சுமை கிடையாது என்பதெல்லாம் சரி. ஆனாலும் செங்கல் 16 மாடிக்கு மேல் தாங்காது என்ற வாக்கியத்தை அது பொய்யாக்கிவிடுகிறது.

அப்படியானால் அந்த 6 அடி எங்கிருந்து வந்தது? அக்காலத்துக் கட்டுமான வழக்கிலிருந்து வந்தது. உச்சி மாடிக்கு 12 அங்குலச் சுவர்; கீழே இறங்க இறங்க மாடிக்கு 4 அங்குலம் கூட்டு. இதுதான் விதி. 16 மாடிக்குப் போட்டுப் பாருங்கள்: 12-உடன் பதினைந்து நான்கு, அதாவது 60-ஐக் கூட்டினால் 72 அங்குலம். சரியாக 6 அடி. சுவரில் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று அளந்து கண்ட தடிமன் இல்லை இது. தலைமுறை தலைமுறையாகக் கொத்தனார்கள் கைமாற்றிக் கொடுத்த அனுபவக் கணக்கு. தாழ்வான வீடுகளுக்காகப் பிறந்த விதியை நீட்டி 16 மாடிக்குக் கொண்டுபோனால் இப்படித்தான் தடிக்கும். கொத்தனார்களைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. அந்த விதியால் நின்ற கட்டடங்கள் ஆயிரக்கணக்கானவை, அவற்றில் பலவற்றை நானே கையால் தட்டிப் பார்த்திருக்கிறேன்.

சுவர் தடித்தால் வரும் நஷ்டம் எங்கே விழுகிறது என்பதுதான் இந்தக் கதையின் முடிச்சு. மொனாட்நாக் ஒடுக்கமான மனையில் நிற்கிறது. வடக்கே ஜாக்சன் தெருவிலிருந்து தெற்கே வான் பியூரன் தெரு வரை சுமார் 400 அடி நீளம். அகலம் 70 அடிக்குள். கிழக்குச் சுவருக்கு 6 அடி, மேற்குச் சுவருக்கு 6 அடி என்று கொடுத்தால், தரைத்தளத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு செங்கல்லுக்கே போய்விடுகிறது. சன்னல் திறப்புகளைக் கழித்துப் பார்த்தாலும் இழப்பு பெரிதுதான். எந்தத் தளத்தில் இழக்கிறோம் என்பதையும் கவனியுங்கள். தெருவோடு ஒட்டிய கடைகள் இருக்கும் தளம், மொத்தக் கட்டடத்திலும் அதிக வாடகை வரும் தளம். உச்சியில் வாடகை குறைந்த இடத்தில் சுவர் மெலிகிறது. அடியில் வாடகை உச்சத்தில் இருக்கும்போது சுவர் பெருக்கிறது. உயரம் கூடக் கூட இந்தக் கணக்கு மோசமாகிக்கொண்டே போகும். இன்னும் நான்கு மாடி வேண்டும் என்றால் அதே விதிப்படி தரைத்தளச் சுவர் 88 அங்குலம். மேலே நான்கு மாடி வாடகையைச் சேர்க்கப் போய், கீழே பதினாறு மாடியிலும் இடத்தை வாரிக் கொடுக்க வேண்டும்.

வெளிச்சமும் ஒரு கணக்கு. மின்விளக்கு இன்னும் மங்கலாகவும் செலவு பிடிப்பதாகவும் இருந்த காலம். அறைக்குள் எவ்வளவு ஆழம் வரை பகல் வெளிச்சம் எட்டுகிறதோ அவ்வளவு ஆழத்துக்குத்தான் அலுவலக வாடகை. நான் ஒருமுறை சிகாகோ போயிருந்தபோது, தரைத்தளச் சன்னல் ஒன்றின் பக்கவாட்டில் நின்று கையை முழுதாக நீட்டிப் பார்த்தேன். கண்ணாடியை விரல் தொடவில்லை. குகை வாயில்போலச் சுவர் என் தோளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே போய்க்கொண்டே இருந்தது. அந்தத் தடிமன் தெருவிலிருந்து சாய்ந்து வரும் வெளிச்சத்தில் எவ்வளவைத் தின்றிருக்கும் என்று அங்கே நின்றபோதுதான் உடம்பில் உறைத்தது. அதனால்தான் வடிவமைத்தவர்கள் சுவரிலிருந்து வெளியே பிதுங்கும் சன்னல் வரிசைகளைக் கொடுத்தார்கள். உள்ளே நடுவழியின் இருபுறத் தடுப்புகளுக்கும் கண்ணாடி பதித்து, அலுவலக அறைக்குள் வரும் வெளிச்சம் நடைவழி வரை கசியும்படி செய்தார்கள்.

மூன்றாவது விஷயம் மண். என் தொழிலில் நான் எப்போதும் மேலே பார்ப்பதற்கு முன் கீழே பார்ப்பவன் என்பதால் இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சிகாகோ நகர மையம் மெத்தென்ற களிமண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாறை 100 அடி ஆழத்துக்குக் கிட்டத்தட்டப் போன பிறகுதான் வரும். அக்காலத்தில் வானம் தோண்டி அவ்வளவு ஆழம் போவது லேசான காரியம் இல்லை. கட்டடத்தை மிதக்கவிட்டார்கள். கட்டடக்கலைஞர் ஜான் வெல்பார்ன் ரூட் 1882-இல் மொன்டாக் என்ற 10 மாடிக் கட்டடத்துக்கு ஒரு வழி கண்டார்: ரயில் தண்டவாளங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, கான்கிரீட்டில் புதைத்து, பரந்த படுகை ஒன்றை உண்டாக்குவது. அதுவரை கல்லை கூம்புபோல அடுக்கி அடித்தளம் போட்டுவந்தார்கள்; அந்தக் கூம்புகள் நிலவறையை முழுதாக அடைத்துக்கொள்ளும். தண்டவாளப் படுகை மெல்லியது, நிலவறையும் மிஞ்சும். மொனாட்நாக் உட்கார்ந்திருப்பதும் இத்தகைய படுகையின் மேல்தான்.

மிதக்கும் கட்டடம் அமிழத்தான் செய்யும். அது அவர்களுக்குத் தெரியும். 8 அங்குலம் இறங்கும் என்று கணக்குப் போட்டே கட்டினார்கள். 1905-க்குள் அந்த 8 அங்குலத்தையும் தாண்டி இறங்கிவிட்டது. 1948-இல் 20 அங்குலம். தெருவிலிருந்து கட்டடத்துக்குள் போக ஒரு படி கீழே இறங்க வேண்டிய நிலை வந்தது. இதைக் கேட்டவுடன் பலர் திகைப்பார்கள். ஆனால் ஒட்டுமொத்தமாக இறங்குவது பெரிய ஆபத்து இல்லை. ஒரு மூலை அதிகமாகவும் மறு மூலை குறைவாகவும் இறங்குவதுதான் ஆபத்து. பழைய கிடங்கு ஒன்றில் சுவரில் குறுக்காக விரிசல் ஓடியிருந்தது. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டைகளைச் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதிவிட்டு வந்தேன். மூன்று மாதம் கழித்துப் போனபோது கீழ்ப் பட்டைகள் முழுதாக இருந்தன. மேலே இருந்த இரண்டும் நடுவில் பிளந்திருந்தன. மூலை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதை அந்தக் கண்ணாடி சொல்லிவிட்டது. மொனாட்நாக் அத்தனை இறங்கியும் விரிந்து உடையாமல் நின்றதற்கு, படுகை சுமையைச் சீராகப் பரப்பியதுதான் முதல் காரணம் என்று நான் கருதுகிறேன். என்றாலும் அத்தனை இறக்கத்துக்கு மூலம் சுவரின் எடை. மெத்தென்ற களிமண்ணின் மேல் கனமான பொருளை உயர்த்திக்கொண்டே போவதற்கு எல்லை உண்டு. அந்த எல்லை செங்கல் நொறுங்கும் எல்லைக்கு வெகு முன்பாகவே வந்துவிடுகிறது.

இத்தனை சிரமம் இருக்கும்போது ஏன் 16 மாடி எழுப்பினார்கள் என்றால், நிலமும் லிப்டும். சிகாகோவின் மையப்பகுதி ஆற்றுக்கும் ஏரிக்கும் ரயில் நிலையத் தளங்களுக்கும் நடுவே நெருக்குண்ட சிறிய இடம். 1871-இல் நிகழ்ந்த பெருந்தீ அதைச் சாம்பலாக்கிய பிறகு அங்கே நிலவிலை ஏறிக்கொண்டே போனது. படியேறிப் போகும் காலத்தில் நான்கு ஐந்து மாடிக்கு மேல் வாடகைக்கு ஆள் வரமாட்டார்கள். நியூயார்க்கில் ஈக்விடபிள் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் கட்டடம் 1870-இலேயே ஆட்களுக்கான லிப்டோடு எழுந்தது. அதன் பிறகு உச்சி மாடி, இரைச்சலும் புழுதியும் எட்டாத நல்ல இடமாகிவிட்டது. உயரே போகப் பணம் காத்திருந்தது.

அந்தப் பணம் பாஸ்டனைச் சேர்ந்த பீட்டர் புரூக்ஸ், ஷெப்பர்ட் புரூக்ஸ் என்ற சகோதரர்களுடையது. சிகாகோவில் அவர்களுக்காக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் ஓவன் ஆல்டிஸ். வடிவமைத்தது டேனியல் பர்ன்ஹாமும் ரூட்டும் நடத்திய நிறுவனம். மொனாட்நாக் என்பது நியூ இங்கிலாந்தில் உள்ள ஒரு மலையின் பெயர். கட்டடத்தின் நான்கு பகுதிகளுக்கும் அந்தப் பக்கத்து மலைகளின் பெயர்களையே வைத்தார்கள். உரிமையாளர் பீட்டர் புரூக்ஸுக்கு வெளிச்சுவரில் துருத்தும் அலங்காரங்கள் பிடிக்காது. துருத்தினால் அழுக்குச் சேரும், புறா அடையும், வலுவும் கூடாது என்பது அவர் வாதம். கடிதங்களில் இதை அவர் வற்புறுத்தியிருக்கிறார். ஆகவே அலங்காரம் அற்ற முகம் உரிமையாளரின் விருப்பம் என்பது உறுதியான செய்தி. ரூட் ஊரில் இல்லாத சமயம் பார்த்து பர்ன்ஹாம் மொட்டையான வரைபடம் ஒன்றைத் தயாரிக்கச் சொன்னார், ரூட் திரும்பிவந்து கோபப்பட்டார், பிறகு அதிலேயே ஈடுபட்டுவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். அது பின்னாளில் நினைவுகூர்ந்து சொல்லப்பட்டது. அப்படியே நடந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

அந்த மொட்டைமுகத்தை ரூட் என்ன செய்தார் என்பதை மட்டும் கண்ணால் பார்க்கலாம். அடியில் சுவர் வெளியே தடித்து நிற்கிறது, இரண்டாம் மாடியருகே மெல்ல வளைந்து உள்வாங்குகிறது, உச்சியில் மறுபடியும் விரிகிறது. எகிப்திய பாப்பிரஸ் தண்டை நினைத்துச் செய்தது என்பார்கள். மூலைகள் மேலே போகப் போகச் சீவிவிடப்பட்டிருக்கும். இந்த வளைவுகளுக்கெல்லாம் சாதாரணச் செங்கல் ஒத்துவராது. தனித்தனி அச்சில் வார்த்து எடுக்க வேண்டும். அலங்காரமே இல்லாத கட்டடம் என்று சொல்கிறோம், ஆனால் அந்த வளைவைப் பிசிறில்லாமல் எடுத்த கொத்தனார்களின் கை அதில் இருக்கிறது. சுவரின் உள்ளே மறைந்துபோகும் வரிசைக்கும் வெளியே தெரியும் வரிசைக்கும் ஒரே அக்கறை காட்டாமல் அப்படி ஒரு வளைவு வராது. ரூட் இதை முழுதாகப் பார்க்கவில்லை. 1891 ஜனவரியில் நிமோனியா கண்டு இறந்துபோனார். வயது 41.

உங்கள் வகுப்பில் சொல்லப்பட்ட இன்னொரு விஷயத்தையும் திருத்த வேண்டும். வடக்குப் பாதி "முழுக்க முழுக்கச் செங்கல்" இல்லை. சுமை தாங்குவது வெளிச்சுவர்கள். உள்ளே தளங்களைத் தாங்குவது இரும்புத் தூண்களும் உத்திரங்களும். கட்டடம் நீளமாகவும் ஒல்லியாகவும் இருப்பதால் அகன்ற பக்கத்தில் காற்று மோதும்போது சாய்க்கப் பார்க்கும். அதற்காக இரும்புத் தூண்களையும் உத்திரங்களையும் வாசல்சட்டம்போல விறைப்பாகப் பிணைத்துச் சுவரோடு இணைத்தார்கள். அமெரிக்காவில் கட்டடத்தில் இந்த முறையைக் கையாண்டதில் மொனாட்நாக் முன்னோடி. செங்கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. காற்று ஒரு பக்கம் தள்ளும்போது எதிர்ப்பக்கம் அழுத்தம் ஏறும், தள்ளும் பக்கம் குறையும். அந்தக் குறைவு இழுவையாக மாறாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். சுமையின் விசை சுவரின் தடிமனில் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் விழுந்தால் பயமில்லை என்பது பழைய பாடம். சுவரின் எடையே அங்கே நங்கூரம். இரும்பு அதற்குத் துணை.

அப்படியானால் இரண்டு வருடத்தில் ஏன் மாறினார்கள்? எஃகுச் சட்டகம் 1892-இல் யாரும் கண்டறியாத புதுமை இல்லை. வில்லியம் லெ பாரன் ஜென்னி வடிவமைத்த சிகாகோவின் ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் 1885-இலேயே வெளிச்சுவரின் சுமையில் ஒரு பகுதியைச் சட்டகத்தின் மேல் ஏற்றியிருந்தது. பர்ன்ஹாம்–ரூட் நிறுவனமே 1890-இல் ராண்ட் மெக்னாலி கட்டடத்தை எஃகுச் சட்டகத்தில் கட்டி முடித்துவிட்டது. ஆக, மொனாட்நாக்கைச் செங்கல்லில் எழுப்பியவர்களுக்கு எஃகு தெரியாமல் இல்லை. உரிமையாளர்கள் சோதித்துப் பார்க்காத பொருளை நம்பத் தயங்கினார்கள் என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். பெருந்தீயில் வெறும் இரும்புத் தூண்கள் இளகிச் சாய்ந்ததைப் பார்த்த நகரம் அது. சுட்டமண் ஓடுகளால் எஃகைப் போர்த்திக் காக்கும் முறை அப்போதுதான் நிலைபெற்றுக்கொண்டிருந்தது. தயக்கத்தில் நியாயம் உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இது அவர்கள் நடத்தையிலிருந்து நாம் ஊகிப்பது.

தெற்குப் பாதியை வடிவமைக்கும் வேலை ஹோலாபர்ட் அண்ட் ரோச் நிறுவனத்துக்குப் போனது. ரூட் இறந்துவிட்டார், பர்ன்ஹாம் 1893 உலகக் கண்காட்சிக்கான கட்டுமானங்களை மேற்பார்க்கும் பொறுப்பில் மூழ்கியிருந்தார். ஹோலாபர்டும் ரோச்சும் ஏற்கெனவே சிகாகோவில் டகோமா கட்டடத்தைச் சட்டகத்தில் எழுப்பிக் காட்டியவர்கள். அவர்கள் கட்டிய பாதி எடை குறைவாகவும் செலவு குறைவாகவும் முடிந்து, வாடகைக்கு விடும் இடத்தை அதிகமாகக் கொடுத்தது. வேகமும் கூடியது. செங்கல் சுவர் கீழிருந்து வரிசை வரிசையாகத்தான் ஏற முடியும்; சுண்ணாம்புச் சாந்து இறுகுவதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும், உறைபனிக் காலத்தில் வேலையை நிறுத்த வேண்டும். சட்டகம் முதலில் நின்றுவிட்டால் சுவர்ப் போர்வையை எந்த மாடியிலிருந்தும் தொடங்கலாம். 1895-இல் சிகாகோவிலேயே ரிலையன்ஸ் கட்டடத்தின் மேல்மாடிச் சட்டகங்கள் சுமார் இரண்டு வாரத்தில் நிமிர்ந்துவிட்டன. கடன் வாங்கிக் கட்டுபவருக்கு இரண்டு வாரம் என்பது எவ்வளவு பெரிய செய்தி என்று கட்டுமானத் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

இனி "முதல்", "மிக உயரம்" என்ற பட்டங்கள். இவற்றைத் தேர்விலோ கட்டுரையிலோ எழுதும்போது கவனமாக இருங்கள். மொனாட்நாக்கை "உலகிலேயே உயரமான சுமைதாங்கு சுவர்க் கட்டடம்" என்று எழுதுவது தவறு. ஃபிலடெல்ஃபியா நகரமன்றக் கட்டடம் 1901-இல் முடிந்தது; செங்கல், கல் சுவர்களின் மேல் நிற்கும் அதன் கோபுரம் 548 அடி உயரம். "செங்கல் சுவர்கள் தாங்கும் வணிகக் கட்டடங்களில் உயரமானது" என்று எல்லை வகுத்துச் சொன்னால் நியாயம். ஹோம் இன்ஷூரன்ஸ்தான் "முதல் வானளாவி" என்பதும் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகாத விஷயம். 1931-இல் அதை இடித்தபோது பிரித்துப் பார்த்தவர்கள், எவ்வளவு சுமையைச் சட்டகம் தாங்கியது, எவ்வளவைச் சுவர் தாங்கியது என்பதிலேயே மாறுபட்டார்கள். மொனாட்நாக்கின் மாடிப்படிகளில் இருக்கும் அலுமினியத்தைக் கட்டடத்தில் அலுமினியத்தின் முதல் பயன்பாடு என்பார்கள். 1884-இலேயே வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் அலுமினிய முனை ஒன்று வைக்கப்பட்டுவிட்டது. மலிவாக அலுமினியம் பிரிக்கும் முறை 1886-இல்தான் கண்டறியப்பட்டது என்பதால், ஒரு வாடகைக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அதைத் துணிந்து போட்டது வியப்புக்குரியதுதான்; "ஆரம்பகாலப் பயன்பாடுகளில் ஒன்று" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

உயரம் நின்றதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1893-இல் சிகாகோ நகராட்சி 130 அடிக்கு மேல் கட்டக் கூடாது என்று வரம்பு விதித்தது. அந்தச் சமயத்தில் எஃகில் கட்ட விரும்பியவர்களும் அதற்குமேல் போக முடியாது. ஆகவே மொனாட்நாக்குக்குப் பிறகு அங்கே உயரமான செங்கல் கட்டடம் வராததை வைத்து மட்டும் செங்கல்லின் வலுவை முடிவுகட்டுவது பொருந்தாது.

செங்கல்லின் கதை அதோடு முடியவும் இல்லை. இந்தப் பகுதியைத்தான் வகுப்புகளில் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம். 1950-களில் சுவிட்சர்லாந்தில் பொறியாளர்கள் பழைய அனுபவ விதியைத் தூக்கி வைத்துவிட்டு, சுவர்களைச் சோதனைக்கூடத்தில் நொறுக்கி அளந்து, கணக்கிட்டு வடிவமைத்தார்கள். பாசல் நகரில் 13 மாடி, சூரிச் நகரில் 18 மாடி என்று செங்கல் சுவர்களின் மேலேயே குடியிருப்புகள் எழுந்தன. சுவரின் தடிமன் 6 அங்குலத்திலிருந்து 15 அங்குலத்துக்குள். மொனாட்நாக்கைவிட இரண்டு மாடி அதிகம், சுவரோ ஒன்றேகால் அடி. ரகசியம் இதுதான்: ஒரு காகிதத்தை நிமிர்த்தி வைத்தால் விழும், மடித்துப் பெட்டிபோல வைத்தால் அதன் மேல் புத்தகமே வைக்கலாம். அறைகளைப் பிரிக்கும் குறுக்குச் சுவர்கள் எல்லாம் ஒன்றையொன்று முட்டுக்கொடுக்கின்றன, ஒவ்வொரு மாடியிலும் கான்கிரீட் தளம் அவற்றைக் கட்டிப் பிடிக்கிறது. வீட்டுக்கு அறைகள் வேண்டும் என்பதால் இந்த முறை பொருந்தியது. அலுவலகத்துக்கு வேண்டியது தடுப்பில்லாத பெரிய கூடம். அங்கே குறுக்குச் சுவர் வைக்க முடியாது. சுமையெல்லாம் வெளிச்சுவருக்கே வரும். எனவே 16 மாடியில் நின்றுபோனது அலுவலகக் கட்டடத்தின் வெளிச்சுவர். செங்கல் அதன் பிறகும் ஏறியது.

மொனாட்நாக்கின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1938-இல் புதுமைப்படுத்துகிறோம் என்று உள்ளே பழைய தரையையும் அலங்காரத்தையும் மூடினார்கள். 1940 வாக்கில் டியர்பார்ன் தெருவுக்கு அடியில் சுரங்க ரயில்பாதை தோண்டியபோது கிழக்குச் சுவருக்கு அடியில் புதிய தாங்கு தூண்களை இறக்க வேண்டியிருந்தது. 1970-இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டிலும் 1973-இல் சிகாகோவின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. 1979-இல் கைமாறிய பிறகு புதிய உரிமையாளர்கள் பத்து வருடத்துக்கும் மேலாக, வாடகை வர வரக் கொஞ்சம் கொஞ்சமாக, பழைய படங்களைப் பார்த்து நடைவழிகளையும் விளக்குகளையும் மொசைக் தரையையும் மீட்டார்கள். இன்றும் அங்கே அலுவலகங்கள் இயங்குகின்றன. வாடகைக்காகக் கட்டியது இன்னும் வாடகைக்கு விடப்படுகிறது என்பது எனக்குப் பெரிய நிறைவு.

நேரில் போகும்போது முதலில் டியர்பார்ன் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று முழு நீளத்தையும் பாருங்கள். வடக்குப் பாதிக்கும் தெற்குப் பாதிக்கும் நிறம் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு அடியிலும் உச்சியிலும் தெரியும். வடக்கே அடி தடித்து வளைந்து நிற்கும். தெற்கே உச்சியில் துருத்தும் கார்னிஸ் என்ற விளிம்புப் பட்டை இருக்கும், சன்னல்கள் இன்னும் தாராளமாக இருக்கும். பிறகு தெருவைக் கடந்து வடக்குப் பாதியின் ஒரு கடைச் சன்னலருகே போய், சுவரின் விளிம்பிலிருந்து கண்ணாடி வரை கையை நீட்டிப் பாருங்கள். அங்கிருந்து தெற்கே நடந்து, அடுத்த பாதியின் சன்னலிலும் அதையே செய்யுங்கள். ஜாக்சன் தெரு வாசலில் உள்ளே போகும்போது காலடியைப் பார்த்து வையுங்கள். நடைபாதைக்கும் உள்தரைக்கும் உள்ள மட்டத்தை ஒப்பிடுங்கள். தளர்ந்த களிமண் வாங்கிக்கொண்ட அந்த 20 அங்குலத்தின் அடையாளத்தை அங்கேதான் தேட வேண்டும்.